சும்மா இருந்த திரையில் ஓடிய வரி

தங்கவயலின் உழைப்பு வரலாறு குறித்த என் ஆய்வுக்குறிப்புகளில், எந்த இயலிலும் அடங்காமல் ஒதுங்கி நின்ற ஒரு பொருள் உண்டு. மேசைக் கணினியைச் சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் திரையில் தானாக ஓடத் தொடங்கும் அசைபடம். ஸ்கிரீன் சேவர் என்று நாம் அழைத்த, திரைக்காப்பு என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு சிறு நிரல். சுரங்க வரலாற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எனக்கும் நெடுநாள் இருந்தது. தொடர்பு உண்டு என்று இப்போது நினைக்கிறேன். பதிவு நீளமானது, இறுதியில் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

1999ஆம் ஆண்டு. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்த கணினிப் பயிற்சி மையத்தில் நான் மாணவன். 6 கணினிகள், 18 மாணவர்கள்; ஒருவர் விசைப்பலகை முன் அமர்ந்தால் இருவர் பின்னால் நிற்க வேண்டும். ஒரு மாலை, ஷிப்ட் முடிந்த கையோடு மாதக் கட்டணம் செலுத்த என் தந்தை மேலே வந்தார். ஆசிரியர் ரசீதுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் தொடாமல் கிடந்த ஒரு கணினியில் விண்டோஸின் முப்பரிமாணப் புதிர்ப்பாதை ஓடத் தொடங்கியது. செங்கல் சுவர்கள், இருபுறமும் கிளைவழிகள், திரும்பித் திரும்பி முன்னேறிக்கொண்டே இருக்கும் பார்வை. சாம்பியன் ரீஃபில் பூமிக்கடியில் 26 ஆண்டுகள் வேலை செய்தவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: “இது எந்த லெவலுடா? முட்டே குடுக்காம இவ்ளோ தூரம் போயிருக்கானே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூரைக்கு முட்டுக் கொடுக்காத வழியில் ஆளை அனுப்பக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகளுக்குப் பெயர்போன சுரங்கம் அது. நாங்கள் பொழுதுபோக்காகப் பார்த்ததை அவர் ஒரு வேலைத்தளமாக வாசித்தார். யாரும் வேலை செய்யாத நேரத்தில் ஓடும் படம் என்று நான் விளக்கியபோது, அவருடைய அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது: “யாரும் வேலை செய்யலன்னா எதுக்கு ஓட்டறான்? நிறுத்திட வேண்டியதுதானே?”

அக்கேள்விக்கான விடைதான் திரைக்காப்பின் வரலாறு.

பழைய கணினித்திரை ஒரு கண்ணாடிக் குழாய். அதன் உட்புறத்தில் பாஸ்பர் பூச்சு இருக்கும். பின்னிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் அப்பூச்சு ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவில் தேய்ந்துபோகும். பிறகு கணினியை அணைத்தாலும் அந்த எழுத்தின் நிழல் கண்ணாடியில் தெரியும். ஒரே படிவம் நாள் முழுவதும் நின்ற பச்சைத் திரைகளில், வேலை முடிந்த பின்னும் அப்படிவத்தின் கோடுகள் மங்கலாக நின்றதைக் கண்டவர்கள் நம்மில் இருக்கக்கூடும்.

இதற்கு மாற்று வழிகள் 1970களின் இறுதியிலேயே தோன்றின. 1979இல் வெளிவந்த அடாரி 400, 800 கணினிகள், சில நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் திரையின் நிறங்களைத் தாமாகவே மாற்றிக்கொண்டிருந்தன. ஐபிஎம் கணினிக்கான முதல் திரைக்காப்பு நிரலை ஜான் சோச்சா என்பவர் எழுதினார். அதன் மூல வரிகள் 1983 டிசம்பரில் ‘சாஃப்ட்டாக்’ இதழில் அச்சாகின. மூன்று நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் திரை இருண்டுவிடும். அவ்வளவே அதன் வேலை. மூன்று நிமிடத்தை ஐந்தாக்க விரும்புபவர் நிரலையே திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சும்மா இருக்கும் நேரம் எந்திரத்துக்கு உரியதாக இருந்தது. அது தன் உடலைக் காத்துக்கொள்ளும் நேரம்.

1989இல் நிலைமை மாறியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிகளுக்காக ‘ஆஃப்டர் டார்க்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பார்வைக் குறைபாடுள்ளோர் திரையைப் பெரிதாக்கிப் படிப்பதற்கான மென்பொருளை உருவாக்கிவந்த நிறுவனம் அது. ஜாக் ஈஸ்ட்மன் உருவாக்கிய, சிறகு முளைத்த ரொட்டி வாட்டும் கருவிகள் வானில் பறக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அப்புகழ் நீதிமன்றம் வரை சென்றது. பறக்கும் கருவிகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தும் போட்டிப் படம் ஒன்றை வெளியிட்ட டெல்ரினா நிறுவனத்துக்கு எதிராக 1993இல் பெர்க்லி வென்றது. சிறகுள்ள அக்கருவிகள் தங்கள் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையிலிருந்து வந்தவை என்று ஜெஃபர்சன் ஏர்பிளேன் இசைக்குழு தொடுத்த வழக்கோ தோற்றது. ஒருவரும் வேலை செய்யாத நேரத்துப் படத்துக்காக வழக்குகள் நடந்தன என்பதே, அந்த நேரத்துக்கு ஒரு சந்தை மதிப்பு பிறந்துவிட்டதைக் காட்டுகிறது.

‘ஆஃப்டர் டார்க்’ செய்த முக்கியமான மாற்றம் வேறு. எந்தப் படம், எவ்வளவு வேகம், எத்தனை உருவங்கள், எத்தனை நிமிடங்களுக்குப் பின் என்பதையெல்லாம் பயனரே தேர்ந்தெடுக்கலாம். இந்த உரிமை 1992இல் விண்டோஸ் 3.1 வழியாகப் பெரும்பரப்பை எட்டியது. அதில் விண்மீன் வெளி, நெளியும் கோடுகள் ஆகியவற்றோடு ‘மார்க்கீ’ என்ற ஒன்று இருந்தது. பயனர் தட்டச்சு செய்யும் ஒரு வரி, அவர் தேர்ந்த எழுத்துருவில், அவர் தேர்ந்த நிறத்தில், திரையின் குறுக்கே ஓடும். பின்னாளில் முப்பரிமாணக் குழாய்கள், முப்பரிமாண எழுத்து, என் தந்தை கண்ட புதிர்ப்பாதை ஆகியவை வந்தன. புதிர்ப்பாதையின் சுவருக்கும் தரைக்கும் கூரைக்கும் நம்மிடமுள்ள படத்தையே ஒட்டலாம். வரைகலை, ஒளியியல் எதுவும் அறியாத ஒருவர் கணினியைத் தன் விருப்பப்படி மாற்றியமைத்த முதல் அனுபவம், பலருக்கு இந்த அமைப்புப் பெட்டியில்தான் நேர்ந்தது.

இனித் தங்கவயலுக்கு வருவோம்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கே கால்பதித்தது முதல், தங்கவயல் நிற்காத எந்திரங்களின் ஊர். 1902 ஜூன் மாதம் சிவசமுத்திரத்தின் காவிரி அருவியிலிருந்து சுமார் 147 கி.மீ. தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூரு நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905இல். சாம்பியன் ரீஃப் 3 கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் காற்றைச் செலுத்தும் எந்திரமும், ஊறும் நீரை வெளியேற்றும் பம்பும் ஓயக் கூடாது. சங்கு ஊதும், ஒரு கூட்டம் கூண்டில் ஏறும், மறு கூட்டம் இறங்கும். இங்கே “சும்மா” என்ற சொல்லுக்கு எந்திரத்தின் தரப்பில் ஆபத்து என்றும், தொழிலாளியின் தரப்பில் கூலி இழப்பு என்றும் பொருள். “நிறுத்திட வேண்டியதுதானே” என்று என் தந்தை கேட்டது அந்த அறிவிலிருந்துதான். ஓட வேண்டியது ஓட வேண்டும். ஓட வேண்டாதது ஓடினால் வீண் செலவு.

இந்த ஊரின் ஆவணங்கள் மிகுதி. உற்பத்தி அறிக்கைகள், விபத்துப் பதிவேடுகள், வருகைப் பட்டியல்கள், நிலவரைபடங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, லயன் வீடுகளில் தலைமுறைகளைக் கழித்த தமிழ்த் தொழிலாளர்கள் அவற்றில் எண்ணாகவும் கூலியாகவும் விபத்தாகவும் இடம்பெறுகிறார்கள். தம் கையால் எழுதியவர்களாக இடம்பெறுவது அரிது. 1930இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயலில் நடந்த வேலைநிறுத்தத்தை நாம் தொழிற்சங்க வரலாற்றின் பகுதியாகப் படிக்கிறோம். அதை ஆவணக் கண்ணோடும் படிக்கலாம். நிறுவனம் தொழிலாளியிடமிருந்து பதிவேட்டில் வேண்டியது ஒரு ரேகையை. அவரது சொல்லை அது வேண்டவில்லை. அப்படிப்பட்ட காப்பகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும், தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தாமாக எழுதிய ஒற்றை வரிகூட விலைமதிப்புள்ளது.

எங்கள் பயிற்சி மையத்தின் மார்க்கீ வரிகளை அந்த வெளிச்சத்தில்தான் நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியர் வெளியே சென்றதும் ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவரின் வரியை அழித்துவிட்டுத் தம் வரியை எழுதுவோம். நடிகர் பெயர்கள் இருந்தன. “ஜெய் பீம்” இருந்தது; அம்பேத்கர் இயக்கம் வேரூன்றிய ஊரில் அதில் வியப்பில்லை. “இந்த மெஷினைத் தொடாதே” இருந்தது. நான் எழுதியது “மாரிக்குப்பம் வாழ்க”. இவற்றில் கவித்துவம் எதுவுமில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் இல்லாத, யாரும் கேட்காத, மதிப்பெண்ணும் கூலியும் தராத எழுத்து அது. மற்ற நேரமெல்லாம் நாங்கள் தட்டச்சு செய்தது பிறர் எழுதிய ஆங்கிலப் பத்திகளை.

அவ்வரிகள் தமிழில் ஓடியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. யூனிகோடு அட்டவணையில் 1991 முதலே தமிழ் இருந்தபோதும், எங்கள் விண்டோஸுக்கு அது தெரியாது. விண்டோஸ் 2000தான் அதை வாசிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய எழுத்துருக்கள் ஓர் உத்தியைக் கையாண்டன. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வைத்துவிடுவார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்தைத்தான் காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய ‘மயிலை’, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ ஆகியவை அக்காலத்தின் அறியப்பட்ட பெயர்கள். எழுத்துருவைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம் என்ற ஒரே சலுகையால், தமிழைப் பற்றி எதுவும் அறியாத மார்க்கீ தமிழைத் திரையில் ஓடவிட்டது. கர்நாடகத்தில், கன்னடமும் ஆங்கிலமும் அலுவல் மொழியாக இருந்த ஊரில், கணினி என்ற புதுப்பொருளில் தம் மொழி அசைந்ததைக் கண்ட கிளர்ச்சியை அந்த அறையில் இருந்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த ஊரில் பம்புகள் நின்றன. குடைவுகளில் நீர் ஏறியது. என் தந்தைக்கு முதன்முறையாக, யாரும் கணக்கிடாத நேரம் முழுநாளாகக் கிடைத்தது. அந்நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சங்கு ஊதாத அதிகாலைகளிலும் எழுந்து வாசலில் அமர்ந்திருப்பார். எங்கள் தலைமுறை மாரிக்குப்பத்தில் ரயிலேறி, சுமார் 100 கி.மீ. கடந்து பெங்களூருக்குச் சென்று, இரவு திரும்பும் வாழ்க்கைக்குப் பழகியது.

நான் தரவு உள்ளீட்டுக்குச் சேர்ந்த அலுவலகத்தில் திரைக்காப்பு இருந்தது. ஆனால் அதன் அமைப்புப் பெட்டி பூட்டப்பட்டிருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே படம், ஒரே வாசகம், ஐந்து நிமிடத்தில் கடவுச்சொல். இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விண்டோஸில் திரைக்காப்புக் கோப்பு என்பது பெயரின் வால் மட்டும் மாறிய ஒரு முழு நிரல். அழகிய படம் என்று நம்பித் திறந்தவர்களின் கணினியில் தீநிரல்கள் புகுந்த காலம் அது. எனினும் விளைவு வேறாகவும் இருந்தது. திரை பூட்டிக்கொண்டது என்றால் ஐந்து நிமிடமாகக் கை அசையவில்லை என்று பொருள். மேற்பார்வையாளர் நடந்து வரும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். சும்மா இருக்கும் நேரம் எந்திரத்திடமிருந்து பயனருக்கு வந்து, பயனரிடமிருந்து நிறுவனத்துக்குச் சென்றுவிட்டது. அலுவலக இருக்கையில் அமர்ந்து வருகைப் பதிவேட்டை நான் நினைத்துக்கொண்டது இயல்பே.

நான்காவது உரிமையாளரும் உண்டு. 1999 மே 17 அன்று பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ‘செட்டி அட் ஹோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய சமிக்ஞைகளைச் சிறு துண்டுகளாக்கி, உலகெங்கும் சும்மா கிடந்த வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, திரைக்காப்பு ஓடும் நேரத்தில் அவற்றைக் கணக்கிடச் செய்தார்கள். வேற்றுலக அறிவின் அறிகுறி கிடைக்கவில்லை; 2020 மார்ச் மாதம் புதிய துண்டுகள் அனுப்புவது நின்றது. எனினும் லட்சக்கணக்கானோர் தம் எந்திரத்தின் ஓய்வை ஒரு பொதுத் தேடலுக்குத் தந்தார்கள்.

தங்கவயலுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் 1950களின் தொடக்கத்திலிருந்தே இங்குள்ள சுரங்க ஆழங்களில் அண்டக்கதிர்களை ஆராய்ந்துவந்தனர். 1965இல் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தோடும் இணைந்து, சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். தங்கம் எடுக்கத் தோண்டிய இருள், தங்கத்தோடு தொடர்பற்ற ஒரு கேள்விக்கு இடம் தந்தது. ஆய்வுக் கருவிகள் மாதக்கணக்கில் இருளில் காத்திருந்து, எப்போதோ ஒருமுறை ஒரு துகளின் தடத்தை ஒளிப்புள்ளிகளாகப் பதிந்தன. அந்த ஆழ்நிலை ஆய்வகம் 1992இல் மூடப்பட்டது. சுரங்கம் பயனற்றதாகிவிட்டது என்று சொல்லப்படும்போதெல்லாம், தங்கத்தைத் தவிர வேறு பயன் அதற்கு இருந்ததை நினைவூட்ட இவ்வரலாறு போதும்.

இன்று திரைக்காப்புக்குத் தொழில்நுட்பத் தேவை பெரும்பாலும் இல்லை. தட்டைத் திரைகளில் பாஸ்பர் இல்லை. ஓய்வில் திரையையே அணைத்துவிடுவதுதான் மின்சாரத்துக்கு நல்லது. ஓடும் அசைபடம் மின்சாரத்தைச் சேமிப்பதில்லை என்பதால், “நிறுத்திட வேண்டியதுதானே” என்ற என் தந்தையின் தீர்ப்பையே பொறியாளர்களும் இறுதியில் வழங்கினார்கள்.

ஆனால் வரலாற்று மாணவனாக எனக்கு ஒரு சங்கடம் உண்டு. திரைக்காப்பு கண்டுபிடிக்கப்பட்டதே தழும்பு விழாமல் தடுக்க. எனக்கோ தழும்புதான் சான்று. திரையில் தழும்பாக நின்ற பழைய படிவம், அவ்விடத்தில் எந்த வேலை எத்தனை காலம் நடந்தது என்று சொல்லும். தங்கவயலின் தழும்புகளைக் காண்பது எளிது. ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மண்மேடுகளை ரயிலிலிருந்தே பார்க்கலாம். அந்த அறைகளில் ஓடிய வரிகளோ திரையில் தழும்பாகப் படியாத வகையைச் சேர்ந்தவை.

ஆயினும் அவை முற்றிலும் அழிந்துவிடவில்லை. இதுவே இப்பதிவின் நோக்கம். விண்டோஸ் 3.1இல் மார்க்கீயின் வரி, ‘கண்ட்ரோல்’ என்ற பெயருள்ள சாதாரண அமைப்புக் கோப்பில் எழுத்தாகவே சேமிக்கப்பட்டது. பிந்தைய விண்டோஸ்களில் அது ரெஜிஸ்ட்ரியில், பயனரின் கட்டுப்பாட்டுப் பலகைப் பகுதியில் இருக்கும். வரியோடு நிறம், வேகம், எழுத்துருவின் பெயர் ஆகியவையும் அங்கேயே இருக்கும். எழுத்துருவின் பெயரே திறவுகோல். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தோன்றும். அதைப் பழுதென்று எண்ணி அழித்துவிடுவது எளிது. அந்த எழுத்துரு எந்த இடத்தில் எந்தத் தமிழ் வடிவத்தை வைத்தது என்று தெரிந்தால் குப்பை தமிழாகும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்தும் வரை, ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. ஆகவே எழுத்துருக் கோப்பும் சேர்ந்து கிடைக்காவிட்டால், படிக்க முடியாத கல்வெட்டுக்கும் அந்த வரிக்கும் வேறுபாடு இல்லை.

எனவே, தங்கவயலில் பயிற்சி மையம், தட்டச்சு நிலையம், சங்க அலுவலகம், பள்ளி எதையேனும் நடத்தியவர்களுக்கும் அங்கே பயின்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. 2005க்கு முந்தைய கணினி ஏதேனும் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் ஹார்டு டிஸ்கைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய ஃப்ளாப்பிகளில் எழுத்துருக்கள் இருந்தால் அவற்றையும் வையுங்கள். ஓடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். படிக்கும் வழி உண்டு. தனிப்பட்ட கோப்புகளை நான் தொடமாட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரியும், அது எழுதப்பட்ட எழுத்துருவின் பெயரும் மட்டுமே.

பயிற்சி மையம் இருந்த மாடியில் இப்போது ஒரு கிடங்கு இருக்கிறது. கணினிகள் எங்கே போயின என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியவில்லை. என் தந்தை இப்போது இல்லை. 26 ஆண்டுகள் பூமிக்கடியில் உழைத்தவரின் கையெழுத்தாக என்னிடம் இருப்பது, அன்று அந்த மையத்தில் கட்டணம் செலுத்திவிட்டு அவர் கையொப்பமிட்ட ஒரு ரசீது. நிறுவனத்தின் பதிவேடுகளில் அவருடைய எண் இருக்கிறது.